ஹீட் பம்ப் ஏன் நிற்கிறது?

கேள்வி: கொடைக்கானலில் எங்கள் விடுதியின் நீச்சல் குளத்துக்கு வைத்த ஹீட் பம்ப், மாலையில் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியதும் ‘லோ வோல்டேஜ்’ என்று காட்டி நின்றுவிடுகிறது. யந்திரத்தையே மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம், கவலையை விடுங்கள். 230 வோல்ட்டில் ஓடவேண்டிய கம்ப்ரஸர், மின்னழுத்தம் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்து 207-க்குக் கீழே இறங்கும்போது, அதே வேலைக்கு அதிக மின்னோட்டத்தை இழுத்து, அதனால் உள்ளிருக்கும் செப்புச் சுருள் எரிந்துபோகும் அபாயம் உண்டாகிறபடியால், அது நின்றுவிடுவதே க்ஷேமம். கம்ப்ரஸர் கிளம்பும் அந்தத் தருணத்திலேயே, மெயின் போர்டிலும் ஹீட் பம்ப்பின் டெர்மினலிலும் எலெக்ட்ரீஷியனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். யந்திரம் ஓய்ந்திருக்கையில் எடுக்கும் அளவினால் பிரயோஜனமில்லை. போர்டில் 230-ம் டெர்மினலில் 200-ம் இருந்தால், தோஷம் உங்கள் வளாகத்துக்குள்ளேயே, பெரும்பாலும் தூரத்துக்குப் போதாத மெல்லிய கேபிளிலோ, ஈரத்தில் கறுத்துத் தளர்ந்த இணைப்பிலோ இருக்கிறது. இரண்டிடத்திலும் ஒருசேரக் குறைந்தால், நேரத்தையும் அளவையும் குறித்து மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுங்கள். அதுவரை பகலில் ஓட்டுங்கள், காற்று வெதுவெதுப்பாயிருக்கும் அவ்வேளையில் அதே மின்சாரத்துக்கு அதிக உஷ்ணமும் கிடைக்கும். கேபிளை மாற்றாமல் குளத்தருகே ஸ்டெபிலைசர் மட்டும் வைத்துவிடாதீர்கள். கேபிள் இன்னும் சூடாகும்.