விண்வெளிக்குப் போகிறவர்கள் எப்படிப் பழகுகிறார்கள்? – நயினாதீவுப் படகில் தொடங்கிய பாடம்



இந்த முறை அறிவுப் பாடத்தை ஒரு பயணக் கதையோடு தொடங்குகிறோம்.

2025ஆம் ஆண்டு ஆனி மாதம், நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்கு எங்கள் தோட்டங்களிலிருந்து சில குடும்பங்கள் பஸ் பிடித்துப் போனோம். யாழ்ப்பாணம் தாண்டி, பண்ணைப் பாலத்தால் வேலணை, புங்குடுதீவு கடந்து, குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து சேர்ந்தோம். சோளகக் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது.

படகில் ஏறியதும் எல்லோரையும் லைஃப் ஜாக்கெட் போடச் சொன்னார்கள். நம்ம ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை. "கொஞ்ச நேரப் பயணத்துக்கு இது எதுக்குங்க? வேர்த்துக் கொட்டுது" என்றார் ஒரு பாட்டி. படகோட்டி சிரித்துக்கொண்டே, "அம்மா, கடல் நல்லா இருக்கேக்கதான் இதைப் போட்டுப் பழக வேணும். குழம்பின பிறகு போட நேரம் இராது" என்று சொல்லி, தானே நாடாவைக் கட்டிவிட்டார்.

பாதிக் கடலில் இஞ்சின் நின்றுவிட்டது. அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. எங்களில் சிலர் பயத்தில் எழுந்து ஒரே பக்கமாகப் போனார்கள். படகும் அந்தப் பக்கம் சாய்ந்தது. பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். ஆனால் படகில் வேலை செய்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் இஞ்சின் பெட்டியைத் திறந்தார். இன்னொருவர் நங்கூரத்தை இறக்கினார். மூன்றாமவர் எங்கள் நடுவில் வந்து, "இருங்கோ, எல்லாரும் இருந்த இடத்திலேயே இருங்கோ, பிள்ளையளைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்று அமைதியாகச் சொன்னார். சில நிமிடங்களில் இஞ்சின் மறுபடி ஓடியது. அம்மன் புண்ணியத்தில் கரை சேர்ந்தோம்.

அன்று இரவு தீவிலேயே ஒரு மடத்தில் தங்கினோம். பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில், முற்றத்தில் இருந்த பிள்ளைகள் வானத்தைக் காட்டிச் சத்தம் போட்டார்கள். பெரிய நட்சத்திரம் போன்ற ஒரு வெளிச்சம், கண் சிமிட்டாமல், ஒரே வேகத்தில் ஊர்ந்து போனது. எங்களோடு வந்த ஆசிரியர், "அதுதான் சர்வதேச விண்வெளி நிலையம். அதுக்குள்ள மனுசர் இருக்கிறாங்க. இப்ப ஒரு இந்தியரும் இருக்கிறார்" என்றார்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் உடனே கேட்டான்: "சேர், அங்க இஞ்சின் நின்னா என்ன செய்வாங்க? நங்கூரம் போட முடியாதே?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் அது சிரிக்கிற கேள்வி இல்லை. அதற்கான பதில்தான் இந்தப் பாடம்.

1. அது என்ன நிலையம்?

நிலையம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றுகிறது. பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை உள்ள நம் நாட்டை அப்படியே நிமிர்த்தி வைத்தால், கிட்டத்தட்ட அவ்வளவு உயரம். மணிக்கு 28,000 கிலோமீற்றர் வேகம். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றி முடிக்கும். ஆகவே அங்கே இருப்பவர்கள் ஒரு நாளில் 16 முறை சூரிய உதயத்தைக் காண்கிறார்கள். 2000ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் திகதிக்குப் பிறகு அது ஆள் இல்லாமல் இருந்ததே இல்லை.

அங்கே கடையும் கிடையாது, கிணறும் கிடையாது. நெடுந்தீவு மக்களுக்கு நல்ல தண்ணீரின் அருமை தெரியும் என்பார்கள். விண்வெளி நிலையத்தில் அதைவிடக் கடினம். வியர்வை, மூச்சில் வரும் ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் சுத்தம் செய்து திரும்பக் குடிக்கிறார்கள். 2023ஆம் ஆண்டில் 100 பங்கு தண்ணீரில் 98 பங்கைத் திரும்ப எடுக்கும் நிலைக்கு அந்த இயந்திரங்கள் வந்துவிட்டன.

2. என்னென்ன பழகுகிறார்கள்?

(அ) பாரம் தாங்குதல்: ராக்கெட் எழும்பும்போதும் திரும்பி வரும்போதும் உடம்பு பல மடங்கு கனக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாலு மடங்கு என்றால் 240 கிலோ. கொழுந்து மூட்டைகளை நெஞ்சின் மேல் அடுக்கி வைத்தது மாதிரி. மூச்சு விடவே பழக வேண்டும். ரஷ்யாவில் மொஸ்கோவுக்குப் பக்கத்தில் உள்ள நட்சத்திர நகரத்தில் இதற்கென ஒரு ராட்டினம் இருக்கிறது. அதன் கை 18 மீற்றர் நீளம். அதன் நுனியில் ஆளை இருத்திச் சுழற்றுவார்கள்.

(ஆ) தண்ணீருக்குள் வேலை: அமெரிக்காவின் ஹூஸ்டனில் 62 மீற்றர் நீளம், 31 மீற்றர் அகலம், 12 மீற்றர் ஆழம் கொண்ட ஒரு நீச்சல் தடாகம் உண்டு. அதன் அடியில் நிலையத்தின் பகுதிகளைப் போலவே செய்து வைத்திருக்கிறார்கள். விண்வெளி உடுப்பில் எடைக் கட்டிகளையும் மிதவைகளையும் சேர்த்து, ஆள் மிதக்கவும் மாட்டார், தாழவும் மாட்டார் என்ற அளவுக்குச் சரிப்படுத்துவார்கள். அந்தரத்தில் நிற்பது போல இருக்கும். தீவகத்தில் சங்கு குளிக்கிறவர்களுக்குத் தண்ணீர் உடம்பைத் தாங்கும் விதம் நன்றாகத் தெரியும். அதே தத்துவம்தான் இது. மேலே ஒரு மணித்தியாலம் செய்யப்போகும் வேலைக்கு, தண்ணீருக்குள் ஏறக்குறைய ஏழு மணித்தியாலம் பழகுவது வழக்கம் என்பார்கள்.

(இ) காட்டிலும் கடலிலும் உயிர் பிழைத்தல்: 1965ஆம் ஆண்டில் லியோனவ், பெல்யாயெவ் என்ற இரண்டு ரஷ்ய வீரர்களின் கலம் இடம் தவறிப் பனிக்காட்டில் இறங்கியது. இரண்டு இரவுகள் அவர்கள் அந்தக் குளிரில் கிடந்தார்கள். இப்படிப்பட்ட ஆபத்துக்காகவே வீரர்களைப் பனிக்காட்டில் விட்டு, கையில் உள்ள பொருளை வைத்துக் குடில் கட்டி, நெருப்பு மூட்டி, உதவி வரும்வரை இருக்கப் பழக்குகிறார்கள். கடலில் விழுந்தால் கலத்திலிருந்து வெளியேறவும் பழக்குகிறார்கள்.

(ஈ) கைத்தொழில்: ஒரு ஆள் பல வேலை தெரிந்தவராக இருக்க வேண்டும். குழாய் பழுது, மின்சாரப் பழுது, கக்கூஸ் பழுது எல்லாம் அவர்களே பார்க்க வேண்டும். ஊசி போடவும், பல் அடைக்கவும், காயம் தைக்கவும் தெரிய வேண்டும். ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் பேசப் படிக்க வேண்டும்.

(உ) ஆபத்துப் பயிற்சி: தீ பிடித்தல், காற்று கசிதல், நச்சு வாயு பரவுதல் – இந்த மூன்றுக்கும் திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள். யார் முகமூடி எடுப்பது, யார் தீயணைக்கும் கருவி எடுப்பது, எந்தக் கதவை முதலில் மூடுவது என்று முன்கூட்டியே பிரித்து வைத்திருப்பார்கள். 1997 பெப்ரவரியில் மீர் என்ற ரஷ்ய நிலையத்தில் உண்மையாகவே தீ பிடித்தது. உள்ளே ஆறு பேர். அவர்களே அதை அணைத்தார்கள். ஒருவரும் சாகவில்லை.

3. நமக்குப் பக்கத்து நாட்டவர்கள்

1984 ஏப்ரல் 3ஆம் திகதி, இந்திய விமானப்படையின் ராகேஷ் சர்மா ரஷ்யக் கலத்தில் சல்யூட் 7 நிலையத்துக்குப் போனார். அவரோடு சேர்ந்து ரவீஷ் மல்ஹோத்ரா என்ற அதிகாரியும் நட்சத்திர நகரத்தில் அதே பயிற்சியை, அதே கஷ்டத்தைப் பட்டு முடித்தார். ஆனால் அவர் மாற்று ஆள். சர்மாவுக்கு ஒன்றும் ஆகாதபடியால் மல்ஹோத்ரா கீழேயே நின்றார்.

அதற்குப் பிறகு 41 ஆண்டுகள் கழித்து, 2025 ஜூன் 25ஆம் திகதி சுபான்ஷு சுக்லா புறப்பட்டார். மறுநாள் சர்வதேச நிலையத்தில் ஏறினார். ஜூலை 15ஆம் திகதி கடலில் இறங்கினார். நாங்கள் நயினாதீவில் பார்த்த வெளிச்சத்துக்குள் இருந்தவர் அவர்தான். அவருடைய பயணம் ஒரு முறை அல்ல, பல முறை தள்ளிப்போனது. ராக்கெட்டில் ஒட்சிசன் கசிவு ஒன்றும் கண்டுபிடிக்கப்பட்டது. நோய் தொற்றக்கூடாது என்பதற்காக ஏறக்குறைய ஒரு மாதம் அவரும் மற்ற மூவரும் தனிமையில் காத்திருந்தார்கள். காத்திருப்பதும் பயிற்சியில் ஒரு பகுதிதான். சுக்லாவுக்கு மாற்று ஆளாகப் பழகியவர் பிரசாந்த் நாயர்.

இந்த இருவரோடு அங்கத் பிரதாப், அஜித் கிருஷ்ணன் என்ற இருவரும் இந்தியாவின் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வானவர்கள். அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். நால்வரும் 2020 முதல் 2021 வரை ரஷ்யாவில் ஒரு வருடத்துக்கு மேல் பழகினார்கள்.

நம் இலங்கைக்கும் அந்த நிலையத்தோடு ஒரு தொடர்பு இருக்கிறது. இலங்கையின் சின்னஞ்சிறு செய்மதியான ராவணா 1, 2019 ஜூன் 17ஆம் திகதி அந்த நிலையத்திலிருந்துதான் விண்ணில் விடப்பட்டது.

4. பழகியது உதவிய இரண்டு சமயங்கள்

2013 ஜூலை 16ஆம் திகதி, லூக்கா பர்மிட்டானோ என்ற இத்தாலியர் நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தார். திடீரென்று தலைக்கவசத்துக்குள் தண்ணீர் கசிந்தது. அங்கே தண்ணீர் கீழே வடியாது, முகத்திலேயே ஒட்டிக்கொள்ளும். கண்ணை மூடியது, மூக்கை மூடியது. அந்த நேரம் பார்த்து இருட்டும் வந்துவிட்டது. அவர் பதறவில்லை. தன்னைக் கட்டியிருந்த பாதுகாப்புக் கம்பியைப் பிடித்தபடியே, பழகிய பாதையில் தடவித் தடவி வாசலுக்கு வந்து சேர்ந்தார். கவசத்தைக் கழற்றியபோது ஒன்றரை லீற்றர் அளவு தண்ணீர் சேர்ந்திருந்தது.

2018 ஒக்டோபர் 11ஆம் திகதி, ஒவ்சினின், ஹேக் என்ற இருவரை ஏற்றிய ரஷ்ய ராக்கெட் புறப்பட்ட இரண்டு நிமிடங்களில் பழுதானது. கலம் ராக்கெட்டிலிருந்து தானாகப் பிரிந்து கீழே வந்தது. உடம்பு ஆறு மடங்குக்கு மேல் கனத்தது. ராட்டினத்தில் பழகியவர்கள் ஆகையால் தாங்கினார்கள். இருவரும் சுகமாக இறங்கினார்கள்.

அந்தப் பையனின் கேள்விக்கு இதுதான் பதில். தம்பி, அங்கே நங்கூரம் இல்லைதான். ஆனால் இஞ்சின் நின்றால் என்ன செய்வது என்பதைக் கீழேயே பல நூறு முறை செய்து பார்த்துவிட்டுத்தான் மேலே போகிறார்கள்.

5. நமக்கு இதில் என்ன?

"விண்வெளியப் பத்தி தெரிஞ்சு நமக்கு என்ன ஆகப்போகுது?" என்று சிலர் கேட்கலாம். நாங்கள் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதியை நினைக்கிறோம். அன்று காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. ஆனால் எச்சரிக்கை ஒன்று, பழக்கம் வேறொன்று. போக வேறு இடம் இல்லாத ஏழைச் சனம் எங்கே போகும் என்ற கேள்வியும் இருக்கிறது. பாதுகாப்பான காணியும் வீடும் கேட்பது நம் உரிமை, அதை விடக்கூடாது. அது கிடைக்கும் வரைக்கும் நம் உயிரை நாமே காக்கப் பழக வேண்டும்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறத்தில் தருகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இரு. செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகு. சிவப்பு என்றால் உடனே வெளியேறு. நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, மரமும் தூணும் சாய்தல், புதிதாக ஊற்று கிளம்புதல், ஊற்று நீர் கலங்கலாக வருதல் – இவையும் எச்சரிக்கைதான். இவற்றைக் கண்டால் நிறம் அறிவிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம்.

ஒவ்வொரு லயத்திலும் இந்த ஐந்தையும் செய்து பாருங்கள்:

1. இரவில் எந்த வழியால், எந்த மேட்டுக்குப் போவது என்று பகலிலேயே நடந்து பாருங்கள்.
2. வயசானவங்க, கர்ப்பிணிகள், நடக்க ஏலாதவங்க – இவர்களை யார் தூக்குவது என்று பெயர் குறித்து வையுங்கள்.
3. அந்த ஆள் பெரட்டுக்கோ வெளியூருக்கோ போயிருந்தால் யார்? மாற்று ஆளையும் குறியுங்கள். மல்ஹோத்ராவை மறக்க வேண்டாம்.
4. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து, டோர்ச் லைட் – ஒரே பையில், கதவோரம்.
5. மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, எல்லோரும் சேர்ந்து செய்து பாருங்கள். பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

நயினாதீவிலிருந்து திரும்பும்போது அந்தப் பாட்டி யாரும் சொல்லாமலே லைஃப் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்த பேத்திக்கும் நாடாவைக் கட்டிவிட்டார். அன்று கடல் அமைதியாகத்தான் இருந்தது.

பிள்ளைகளுக்குச் சில கேள்விகள்:

1. விண்வெளி நிலையம் எவ்வளவு உயரத்தில் சுற்றுகிறது?
2. தண்ணீருக்குள் பழகுவது ஏன்?
3. மாற்று ஆள் எதற்குத் தேவை?
4. உங்கள் லயத்தில் இரவு வெளியேறும் வழி எது? படம் வரைந்து, வீட்டுக் கதவில் ஒட்டுங்கள்.

நாலாவது கேள்விக்கான விடையை அப்பா அம்மாவோடு சேர்ந்து செய்யுங்கள். உங்கள் லயத்தில் பழகிப் பார்த்த அனுபவத்தை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.