தாய் தந்தையரின் திடீர் நோயும் மக்களின் கடமையும்

குடும்பத்தின் மூத்தோர் ஒருவர் திடீரென நோயுற்று வீழ்வாராயின், அவ்வில்லத்தின் உழவும் தொழிலும் அன்றே நிலைகுலைகின்றன. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் இவ்விடர் இன்னும் கடுமையானது. வயது வந்த மக்கள் சிப்காட் தொழிற்சாலைகளிலோ, எல்லைக்கு அப்பால் பெங்களூரிலோ ஷிப்டு முறையில் உழைக்கின்றனர். பெற்றோரோ நிலத்தையும் மாடுகளையும் காத்துக் கிராமத்தில் தனித்திருக்கின்றனர். மகன் இரவு ஷிப்டில் இருக்கும் வேளையில் தந்தைக்கு நெஞ்சு வலி கண்டால் செய்ய வேண்டுவது யாது என்பதை வீட்டாரும் அண்டை வீட்டாரும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

நோய் கண்டவுடன் செய்யத்தக்கன

நடு நெஞ்சில் அழுத்தும் வலி, இடத் தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை மாரடைப்பின் குறிகள். முதியோருக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் வலியின்றி, களைப்பும் திணறலும் மட்டுமே தோன்றுதலும் உண்டு. ‘வாயுப் பிடிப்பு’ என்று எண்ணிக் கஷாயம் கொடுத்துக் காலம் போக்குதல் பெருங்கேடாகும்.

வாய் ஒரு புறம் கோணுதல், ஒரு கை தளர்ந்து வீழ்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றும் பக்கவாதத்தின் குறிகள். மூளைக்குச் செல்லும் குழாயில் இரத்தம் உறைந்து அடைபட்டிருந்தால், உறைவைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்துதல் வேண்டும். அடைப்பா, இரத்தக் கசிவா என்பது ஸ்கேன் எடுத்த பின்னரே தெரியும். ஆகவே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே கொண்டு செல்லுதல் வேண்டும். அதற்கு முன் எம்மாத்திரையும் கொடுத்தலாகாது. உணவோ நீரோ புகட்டினால் மூச்சுக் குழலில் இறங்கிவிடக்கூடும். குறி தோன்றிய நேரத்தைக் குறித்து வைத்து மருத்துவரிடம் கூறுதல் இன்றியமையாதது.

108-ஐ அழைப்போர் மாநிலம், மாவட்டம், ஊராட்சி, அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளி ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லல் வேண்டும். எல்லைப்புறத்தில் இது மிகவும் தேவை. பெங்களூருக்கே செல்வோம் என்று நெடுஞ்சாலை நெரிசலில் நேரத்தை இழப்பதினும், அருகிலுள்ள தக்க மருத்துவமனையை முதலில் அடைதல் நன்று. மாரடைப்புக் கண்டோருக்கு முதற்கட்ட மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அளிக்க, 2023-இல் ‘இதயம் காப்போம்’ திட்டம் தொடங்கப்பட்டது. அங்கே மாத்திரை பெற்றபின் பெரிய மருத்துவமனைக்குச் செல்லுதல் உயிரைக் காக்கும்.

பரம்பரை விதியன்று

பெற்றோரின் நோய் மக்களுக்கு ஓர் எச்சரிக்கையாகும். தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ 55 வயதுக்கு முன்னும், தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ 65 வயதுக்கு முன்னும் இதய நோய் கண்டிருந்தால், அக்குடும்பத்தார் தமக்கும் அபாயம் மிகுதி எனக் கொள்ளல் வேண்டும். பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பின், மக்களுக்கு வாழ்நாளில் அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 40. இருவருக்கும் இருப்பின் ஏறத்தாழ 70.

எனினும் வாய்ப்பு வேறு, முடிவு வேறு. சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்குகிறது. அதில் பங்குகொண்டோர் நீரிழிவின் வாயிலில் நின்றவர்கள். மூன்றாண்டுகளில், வழக்கம்போல் வாழ்ந்தோரில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டோரில் அது 39-ஆகக் குறைந்தது.

நம் வட்டாரத்துக் கேழ்வரகு நல்ல உணவே. ஆயினும் களியுருண்டையின் அளவு மிகுந்தால் சர்க்கரை ஏறவே செய்யும். உருண்டையைச் சிறிதாக்கி, கீரையும் அவரையும் பருப்பும் பெருக்குக. புகையிலையை அறவே விடுக. 30 வயது நிரம்பியோர் அனைவரும், குடும்பத்தில் நோய் உள்ளோர் அதற்கு முன்னரும், ஆண்டுக்கொரு முறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். அழுத்தம் 140/90-ஐயோ, வெறும் வயிற்றுச் சர்க்கரை 126-ஐயோ எட்டினால் மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

இவ்வெல்லைப்புறத்தில் அக்காள் மகளை மணக்கும் வழக்கமும் அத்தை, மாமன் மக்களை மணக்கும் வழக்கமும் இன்னும் உண்டு. ஒரே குடும்பத்தில் மறைந்து வரும் குறை தாய்வழியாகவும் தந்தைவழியாகவும் வந்து சேர்ந்தால், குழந்தைக்கு நோயாக வெளிப்படுகிறது. குடும்பத்தில் அத்தகைய நோய் இருப்பின், திருமணம் பேசுமுன் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுதல் அறிவுடைமை.

குடும்ப நலக் குறிப்பேடு

ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்க வேண்டுகிறோம். அதில் எழுதத்தக்கவை:

1. பாட்டன், பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோருக்குக் கண்ட நோய்களும், அவை கண்ட வயதும்.
2. இப்போது உண்ணும் மாத்திரைகளும், ஒவ்வாத மருந்துகளும்.
3. அண்மையில் பார்த்த இரத்த அழுத்த, சர்க்கரை அளவுகள்.
4. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையின் எண்ணும், அது செல்லும் மருத்துவமனைகளும்.
5. அவசரத்தில் உதவக்கூடிய அண்டை வீட்டாரின் தொலைபேசி எண்கள்.

எழுதப் படிக்க அறியாத பெற்றோருக்கு, பள்ளி செல்லும் பேரக் குழந்தைகள் இதனை எழுதித் தரலாம். தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ எழுதினும் குற்றமில்லை. மாத்திரையின் அட்டையையும் உடன் வைத்தல் போதும்.

ஊராட்சியின் பங்கு

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை இல்லத்திலேயே கொடுப்பதும், பக்கவாதத்தால் முடங்கியோருக்கு இயன்முறைச் சிகிச்சை அளிப்பதும் இதன் பணிகள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. ஆயினும் வீட்டுக்கு வந்த மாத்திரையை நாள் தவறாமல் உண்பது குடும்பத்தின் பொறுப்பே. ‘உடம்பு நன்றாயிருக்கிறது’ என்று இடையில் நிறுத்துவோரே பின்னர்ப் பக்கவாதத்திற்கு ஆளாகின்றனர்.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் தம் கூட்டமொன்றில் மேற்கண்ட குறிப்பேட்டை எழுதுவிக்கலாம். தனித்து வாழும் முதியோர் எவரெவர், இரவில் அவர்களுக்கு ஊர்தி தருவோர் யார் என்பதைக் கிராம சபையில் பேசி முடிவு செய்யலாம். பொருட்செலவின்றி ஓர் ஊர் தானே செய்துகொள்ளத்தக்க பணி இது. வெளியூரில் உழைக்கும் மக்கள், அடுத்த விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது பெற்றோருடன் அமர்ந்து அக்குறிப்பேட்டின் முதல் பக்கத்தை எழுதி முடிப்பார்களாக.