புகையும் பல் அடைப்பும்

நம் ஐதராபாத்தின் சார்மினார் ஒரு சிகரெட்டுக்குப் பெயர் தந்ததை எல்லோரும் அறிவர். சிகரெட்டுப் புகை பல் அடைப்பை என்ன செய்யும் என்பதைப் பலர் அறியார்.

பல்லின் நிறத்திலேயே வைக்கப்படும் பிசின் அடைப்பின் மேற்பரப்பு நுண்ணிய மேடுபள்ளம் உடையது. சிறிது நீரையும் உறிஞ்சும். புகையிலுள்ள தார் அங்கே படிந்து மஞ்சளாக்கும், பின் பழுப்பாக்கும். அடைப்பும் பல்லும் கூடும் விளிம்பிலேதான் கறை எளிதில் தங்கும். மேற்கறையை மெருகிட்டு நீக்கலாம், உள்ளிறங்கியது போகாது. வெளுக்கும் மருந்தோ பல்லைத்தான் வெளுக்கும். அடைப்பு பழைய நிறத்தில் நின்று நம்மைக் காட்டிக் கொடுக்கும்!

வெள்ளிக்கலவை அடைப்புக்கு இக்கவலை இல்லை. அது முன்பே சாம்பல் நிறம். ஆயினும் உறுதி? புகைப்போரிடம் ஈறு சுருங்கி வேர் வெளிப்படுதல் மிகுதி. மென்மையான அவ்வேரில், அடைப்பின் ஓரமாகவே, மீண்டும் சொத்தை புகும். அடைப்பு நன்றாயிருக்க, அதைத் தாங்கும் பல் கெடுகிறது.

பிசின் அடைப்பு வைக்கச் செல்வோர், முதலில் பற்கறையை நீக்கச் சொல்லி, அதன் பின்னரே நிறம் பொருத்தச் சொல்க.