நல்லா சாப்பிடுதே, அப்புறம் என்ன நோய்?

வடக்குப்பட்டில் முதல் ஷிப்ட் கம்பெனி பஸ் வரும் முன்பே எங்கள் சின்னுவுக்குச் சோறு வைத்துவிடுவோம். சோற்றோடுதான் அவனுக்குக் கேப்சூல். பத்து வயது, பத்து கிலோ பொமரேனியன். குஷிங் நோய் என்று தெரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன் ஒரு வருஷத்தை வீணாக்கினோம். தெருவில் எல்லாரும் சொல்வதையே நாங்களும் நம்பியதுதான் காரணம்.

"நல்லா சாப்பிடுது, நல்லா தண்ணி குடிக்குது. அதுக்கென்ன நோய்?"

அந்தப் பசியும் தாகமும்தான் நோய். சிறுநீரகங்களை ஒட்டியிருக்கும் இரண்டு சிறிய அட்ரினல் சுரப்பிகள் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது நீண்ட காலம் அளவுக்கு மீறி உடலில் இருந்தால் வருவது குஷிங். 1932-ல் மனிதர்களுக்கு வரும் இந்த நோயைப் பற்றி விரிவாக எழுதிய அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங்கின் பெயர் அது. சின்னு தட்டை நக்கி முடித்த கையோடு குப்பைக் கூடையைக் கிளறுவான். வயிறு பானையாகத் தொங்கியது, தொடை வற்றியது, இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி கொட்டியது. ஃபேனுக்கு அடியில் படுத்தும் இரைத்தான். வெயில் என்றோம். மார்கழியிலும் இரைத்தான்.

"ராத்திரி தண்ணி வைக்காதே, வீட்டுக்குள்ள ஒண்ணுக்குப் போகாது."

இதைச் செய்யவே செய்யாதீர்கள். கார்டிசால் சிறுநீரை அதிகமாக வெளியேற்றுகிறது, அந்த இழப்பை ஈடுகட்டத்தான் நாய் குடிக்கிறது. கிண்ணத்தை எடுத்துவிட்டால் உடல் வறண்டு போகும்.

"அரிப்புக்கு ஒரு ஊசி போட்டா போதும்."

நாய்க்குத் தானாக வரும் குஷிங்கில் பத்தில் எட்டுக்கு மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கட்டி காரணம். மீதிக்கு அட்ரினலிலேயே கட்டி. சின்னு முதல் வகை. ஆனால் நாமே வரவழைக்கும் குஷிங்கும் உண்டு. அரிப்புக்கென்று மாதாமாதம் போடும் ஸ்டீராய்டு ஊசி, மெடிக்கலில் நாமாகக் கேட்டு வாங்கும் பிரெட்னிசோலோன், நாய் நக்கிவிடும் ஸ்டீராய்டு களிம்பு, எல்லாம் சேர்ந்து அதே வயிற்றையும் அதே தாகத்தையும் கொண்டுவரும். ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல, தேவையான இடத்தில் உயிரைக் காப்பாற்றும். கணக்கில்லாமல் கொடுப்பதுதான் தப்பு. பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்துவது அதைவிடப் பெரிய தப்பு. வெளியிலிருந்தே ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். திடீரென நின்றால் வாந்தி, தள்ளாட்டம், மயக்கம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

"ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிடும்."

குஷிங்கைக் கண்டறியச் செய்யும் டெக்ஸாமெத்தசோன் சோதனைக்கு மட்டும் எட்டு மணி நேரத்தில் மூன்று முறை ரத்தம் எடுப்பார்கள். அன்றைக்கு லீவு போட்டுவிடுங்கள்.

"குணமாயிடுச்சு, கேப்சூலை நிறுத்திடலாம்."

அந்தக் கேப்சூலில் உள்ள டிரைலோஸ்டேன் நோயை அடக்கி வைக்கும், வேரோடு எடுக்காது. தினமும் அதே நேரத்தில் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அண்ணனுக்கு வாராவாரம் ஷிப்ட் மாறுவதால் அந்தப் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டார். கொடுத்ததும் சமையலறைக் காலண்டரில் ஒரு கோடு. அதனால் இரண்டு பேர் கொடுத்து இரட்டிப்பாவதில்லை. கேப்சூலைப் பிரிக்கக் கூடாது, கர்ப்பிணிகள் வெறுங்கையால் தொடக் கூடாது. நாய் சாப்பிட மறுத்தால், வாந்தி எடுத்தால், சோர்ந்து படுத்தால் அன்றைக்கு மருந்து வேண்டாம், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். கார்டிசால் தேவைக்கும் கீழே இறங்கியிருக்கலாம். ஆரம்பித்துப் பத்து நாள் வாக்கில், பிறகு ஒரு மாதத்தில், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். செலவுதான். சின்னுவின் விலாவில் மறுபடி முளைத்த வெள்ளை முடியைத் தடவும்போது அந்தச் செலவு எங்களுக்குக் கணக்கில் வரவில்லை.

உங்கள் நாய் அதிகம் குடிப்பதாகத் தோன்றினால், நாளைக் காலை கிண்ணத்தில் அளந்து ஊற்றுங்கள். மறுநாள் அதே நேரம் மிச்சத்தைக் கழித்துப் பாருங்கள். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால் அந்தக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள்.