நம் குடலில் விளையும் வைட்டமின்



"நம் பாட்டிமார்கள் சைவ உணவு உண்டு நன்றாகத்தானே இருந்தார்கள்? பி-12 மாத்திரை எதற்கு?" என்று நம் குடும்பங்களில் கேட்பதுண்டு. இதற்கான விடையை நம் குடலுக்குள்ளேதான் தேட வேண்டும்.

வைட்டமின் பி-12-ஐச் செடி கொடிகளும் மிருகங்களும் தயாரிப்பதில்லை. சில நுண்ணுயிர்களே தயாரிக்கின்றன. பசுவின் வயிற்றில் அவை உண்டாக்குவதே பாலில் நமக்குக் கிடைக்கிறது. நமது பெருங்குடலிலும் அத்தகைய பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. ஆனால் உடல் பி-12-ஐ உறிஞ்சும் இடமோ சிறுகுடலின் கடைசிப் பகுதி. இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்துடன் சேர்ந்து வந்தால்தான் அங்கே அது நன்கு உறிஞ்சப்படும். அந்த இடத்தைத் தாண்டிப் பெருங்குடலில் விளைவது பெரும்பாலும் மலத்துடன் வீணாகிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் ஆகியோர் 1980-ல் 'நேச்சர்' இதழில் ஒரு புதுச் செய்தியை வெளியிட்டனர். ஆரோக்கியமான தென்னிந்தியர்களின் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்களும் பி-12 தயாரிக்க வல்லவை என்பதே அது. பாட்டிமார்களுக்கு இதனால் ஓரளவு உதவி கிடைத்திருக்கலாம். ஆயினும் இதை நம்பி நாம் இருந்துவிட முடியாது. இந்தியாவிலேயே சைவ உணவினரிடம் பி-12 குறைவு பரவலாக உள்ளது.

கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைவு வெளியே தெரியச் சில வருடங்கள் ஆகும். களைப்பு, மறதி, கால் மரத்துப்போதல் ஆகியவற்றை "வயதாகிவிட்டது" என்று நாம் தள்ளிவிடுகிறோம். நரம்புச் சேதம் நாள்பட்டால் முழுதும் குணமாகாமல் போகலாம். அமெரிக்காவில் 1998 முதல் மைதா போன்ற மாவு வகைகளில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பது கட்டாயம். அது ரத்தசோகையை மறைத்துவிட, நரம்புச் சேதம் மட்டும் உள்ளே வளரக்கூடும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. பெரியவர்களுக்குத் தினம் 2.4 மைக்ரோகிராம் பி-12 தேவை. ஒரு கப் பாலில் சுமார் 1.3 மைக்ரோகிராம் உள்ளது. பாலுக்குப் பதில் பாதாம் பால் குடிப்போர், பி-12 சேர்த்ததா என லேபிளில் பார்க்கவும்.

2. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் அல்லது நீண்ட காலமாக அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுவோர், முதியோர், கர்ப்பிணிகள் ஆகியோர் டாக்டரிடம் பி-12 ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்கவும்.

3. ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோரையும் மறக்க வேண்டாம்.

சைவத்தை விட வேண்டியதில்லை. குறைவு இருந்தால் மாத்திரையோ ஊசியோ போதும். அதிலுள்ள பி-12-ம் பாக்டீரியாக்கள் தயாரித்ததே!