ஆறு அங்குலப் படி

நம் விடுதியின் வாயிலில் ஆறு அங்குல உயரமுள்ள படி ஒன்று இருக்கிறது. நாள்தோறும் பத்து முறை அதில் ஏறி இறங்குகிறோம். அப்படி ஒன்று இருப்பதே நமக்கு நினைவில் இல்லை. ஆனால், சக்கர நாற்காலியில் இயங்கும் ஒருவருக்கு அந்தப் படி ஒரு மதில். வகுப்புக்குப் போகவும், தேநீர் பருகவும், மாலைக் காற்று வாங்கவும் யாரேனும் வரும்வரை அவர் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைக் குறைந்த செலவில், நம் கைகளைக் கொண்டே எவ்வாறு நீக்கலாம் என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

எங்கள் முதல் தவறு

நம் சங்கத்தில் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் அவரை அண்ணன் என்றே அழைப்போம். முதுகெலும்பில் அடிபட்டதால் அவருடைய கால்கள் இயங்குவதில்லை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை. சென்ற ஆண்டு பொங்கல் விழா மாடி அரங்கில் நடந்தபோது, நாங்கள் நால்வர் அவரை நாற்காலியோடு தூக்கிச் சென்றோம். கூட்டத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் தலைகுனிந்திருந்தார். அடுத்த கூட்டத்திற்கு அவர் வரவில்லை.

எங்களுக்கு மனம் உறுத்தியது. அவருக்குத் தெரியாமலேயே ஓர் உதவி செய்து மகிழ்விப்போம் என்று எண்ணி, இரண்டடி நீளப் பலகை ஒன்றைத் தேடிப் பிடித்து விடுதி வாயிற்படியின்மேல் சாய்த்து வைத்தோம். அவர் அதன்மேல் ஏற முயன்றார். முன்சக்கரங்கள் மேலே எழுந்தன. நாற்காலி பின்புறமாகச் சாய்ந்தது. பின்னால் நின்றவன் பிடித்திராவிட்டால் தலையில் அடிபட்டிருக்கும்.

அவர் சினம் கொள்ளவில்லை. “தம்பி, அன்பைக் கொண்டு வந்தீர்கள், அளவுகோலைக் கொண்டு வரவில்லையே!” என்று சிரித்தார். பிறகு எங்களைத் தம் அறைக்கு அழைத்துச் சென்றார். அன்று அந்த அறையில் கற்றவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தற்சார்பு என்பது யாது?

எல்லா வேலையையும் ஒருவர் தாமே செய்துகொள்வதுதான் தற்சார்பு என்று நாம் நினைக்கிறோம். அப்படியானால் நம்மில் ஒருவரும் தற்சார்பு உடையவர் அல்லர். சோற்றை வேறொருவர் சமைக்கிறார். துணியை வேறொருவர் வெளுக்கிறார். எதை, எப்போது, எவ்வாறு செய்வது என்று முடிவு செய்யும் உரிமை தம்மிடம் இருப்பதே தற்சார்பு.

இதை உலகுக்கு எடுத்துக் காட்டியவர்களுள் ஒருவர் நம்மைப் போன்ற ஒரு மாணவர். எட் ராபர்ட்ஸ் என்னும் அமெரிக்கர் தம் பதினான்காம் வயதில், 1953இல், இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டு கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1962இல் பெர்க்லி பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். அவருக்கு ஏற்ற விடுதி இல்லாமையால் பல்கலைக் கழக மருத்துவமனையிலேயே தங்கிப் படித்தார். பின்னர், அவரைப் போன்ற மாணவர் பலர் அங்கே வந்து சேர்ந்தனர். அவர்களுடைய முயற்சியின் தொடர்ச்சியாக 1972இல் பெர்க்லியில் தற்சார்பு வாழ்வு மையம் தோன்றியது.

வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த சாலை விபத்தால் இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். அவர் நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். நின்று செய்யும் வேலை என்று உலகம் கருதியதை அமர்ந்து செய்யலாம் என்று காட்டினார். மனிதருக்கு ஏற்ப வேலையின் முறையை மாற்றியமைத்தால் போதும் என்பதே இவர் வாழ்க்கை தரும் பாடம்.

சாய்தளமும் அதன் கணக்கும்

சாய்தளத்திற்குரிய கணக்கு எளிது. ஓர் அங்குல உயரத்திற்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படிக்கு எழுபத்திரண்டு அங்குலம், அதாவது ஆறடி நீளம் தேவை. நாங்கள் வைத்ததோ இரண்டடி! சரிவு ஒன்றுக்கு நான்கு ஆகிவிட்டது. மூன்று மடங்கு செங்குத்தான பாதையில் நாற்காலி கவிழ முற்பட்டதில் வியப்பில்லை.

முக்கால் அங்குலப் பிளைவுட் பலகையை மூன்றடி அகலத்தில் எடுத்து, அது வளையாதபடி அடியில் மூன்று மரச்சட்டங்களை நீளவாட்டில் அறைய வேண்டும். சக்கரம் நழுவி விழாதிருக்க இரு ஓரங்களிலும் இரண்டு அங்குல உயரச் சட்டம் வேண்டும். வண்ணம் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவினால் மழைக்காலத்திலும் சக்கரம் வழுக்காது. கீழ்முனையைத் தரையோடு தரையாக இழைத்துவிட வேண்டும். அரை அங்குல விளிம்புகூடச் சிறிய முன்சக்கரத்தைத் தடுத்துவிடும். மேல்முனையைக் கொக்கியிட்டுப் படியோடு பிணைத்தல் இன்றியமையாதது. மேலே ஏறியதும் நாற்காலி நின்று திரும்ப ஐந்தடிச் சதுரச் சமதளமும் வேண்டும்.

அறையின் உள்ளே

அண்ணனின் அறைக் கதவின் கைப்பிடியில் ஒரு கயிறு தொங்கியது. நாற்காலியில் வெளியே செல்பவர் திரும்பிக் கதவைச் சாத்துவது கடினம். போகும்போதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு சென்றால் கதவு தானே பின்தொடர்ந்து வரும். இதற்கு ஆன செலவு ஒரு முழம் கயிறு. கதவு வழியை அளக்கும்போது நாற்காலியின் அகலத்தை மட்டும் அளந்தால் போதாது. சக்கரத்தைத் தள்ளும் கைகளின் முட்டிகளுக்கும் இடம் வேண்டும்.

மேசையின் கால்களுக்கு அடியில் மரக்கட்டைகள் இருந்தன. ஒவ்வொரு கட்டையின் நடுவிலும் மேசைக்கால் அமர்வதற்கு ஒரு குழி. முழங்கால்கள் இடிக்காமல் மேசைக்கு அடியில் நுழையும் உயரத்தை அளந்து அவற்றைச் செதுக்கியிருந்தார். குழியின்றி வெறும் செங்கல்லை வைத்தால் மேசை ஒருநாள் சறுக்கிவிடும்.

கட்டிலின் உயரம் நாற்காலி இருக்கையின் உயரத்தோடு ஒத்திருந்தது. இரண்டுக்கும் இடையே பாலம்போல் வைக்க ஒரு பலகை. இரண்டரை அடி நீளம், பத்து அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிப்பு. இரு முனைகளும் சரிவாக இழைக்கப்பட்டு, சிம்பு இல்லாமல் உப்புத்தாள் தேய்த்து மெருகிட்டிருந்தது. நாற்காலியின் தடைகளைப் போட்டுவிட்டு, பக்கத்துக் கைப்பிடியைக் கழற்றி, கைகளை ஊன்றி உடலைச் சிறிது சிறிதாகத் தூக்கி நகர வேண்டும். வெறுந்தோலோடு பலகைமேல் இழுபடலாகாது. இந்தப் பழக்கத்தை முதலில் உடற்பயிற்சி மருத்துவரிடம் கற்றுக்கொள்வது நலம்.

கீழே விழுந்த பேனாவை எடுக்க, முனையில் கம்பிக் கொக்கியும் காந்தமும் பொருத்திய மூங்கிற்கழி ஒன்று. மடிமேல் வைக்க, சுற்றிலும் விளிம்புள்ள மரத்தட்டு ஒன்று. இந்தத் தட்டை எளிதாக எண்ண வேண்டா. உணர்ச்சி இல்லாத தொடையில் சூடான தேநீர்க் குவளையை வைத்தால் தோல் வெந்து போவதும் தெரியாது.

குளியலறை

குளியலறையே பலருக்குப் பெரிய இடர். மலிவான பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவே துளையிட்டுப் பயன்படுத்துகிறார்கள். துளையிட்டதும் அது வலுவிழக்கிறது, ஈரத்தில் கால்களும் அகலுகின்றன. பற்றவைக்கும் பட்டறையில் இரும்புக் குழாயால் நாற்காலி செய்து, கால்களுக்கு ரப்பர்க் குமிழ் மாட்டி, இருக்கையின் விளிம்பில் பஞ்சு வைத்துப் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றுவதே பாதுகாப்பானது. வாளியைத் தரையில் வைக்காமல் முக்காலியின்மேல் வைத்தால் குனிய வேண்டியதில்லை. சுவரில் பிடிமானக் கம்பி பொருத்துவதானால் செங்கல் வரை செல்லும் ஆணி வேண்டும். துண்டு உலர்த்தும் கம்பியை ஒருபோதும் நம்பலாகாது.

சிக்கனம் கூடாத இடம்

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்று நான் உற்சாகமாகச் சொன்னபோது அண்ணன் தடுத்தார். உட்காரும் மெத்தையில் சிக்கனம் கூடாது என்றார். உணர்ச்சியற்ற உடல் ஒரே இடத்தில் அழுந்தியிருந்தால் அங்கே இரத்த ஓட்டம் குன்றித் தோல் புண்ணாகும். வலி தெரியாததால் புண் எலும்பு வரை செல்லக் கூடும். உயிருக்கும் ஊறு நேரலாம். நடுவில் துளையுள்ள வளைய மெத்தை நல்லதுபோல் தோன்றும். உண்மையில் அது துளையைச் சுற்றியுள்ள தசையை மேலும் அழுத்தும். ஆகவே, மெத்தையை மருத்துவர் அறிவுரைப்படியே தேர்ந்தெடுக்க வேண்டும். கால்மணி, அரைமணிக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலைத் தூக்க வேண்டும். அல்லது முன்னும் பக்கமும் சாய வேண்டும். நாள்தோறும் கண்ணாடியின் துணைகொண்டு தோலைப் பார்க்க வேண்டும். சக்கரத் தடைகளும் இவ்வாறே. அவை தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும்.

யார் முடிவு செய்வது?

மெக்சிகோவின் மலைக் கிராமங்களில் பணியாற்றிய டேவிட் வெர்னர் 1987இல் ஊனமுற்ற கிராமக் குழந்தைகளைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். மரம், மூங்கில், சைக்கிள் உறுப்புகள் முதலியவற்றால் கருவிகள் செய்யும் முறைகளைப் படங்களோடு விளக்கும் நூல் அது. அவரும் தசை நலிவுடையவர். அவரோடு உழைத்தவர்களுள் பலர் ஊனமுற்ற கிராமத்து மக்களே. பயன்படுத்துவோரே செய்வோராகவும் இருக்கும்போது கருவி பொருந்துகிறது; ஒருவரைக் கேளாமலே மற்றொருவர் செய்யும்போது எங்கள் பலகையைப்போல் கவிழ்கிறது.

ஆயினும் ஒன்றை மறத்தல் கூடாது. நாம் பலகை அறைவதால் நிறுவனங்களின் கடமை தீர்ந்துவிடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு உயர்கல்வி நிறுவனங்களும் அரசு உதவி பெறுவனவும் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்க வேண்டும் என்கிறது. கட்டடங்கள் எல்லாரும் அணுகத் தக்கனவாக இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. நம் மரச்சாய்தளம் இன்றைய தேவைக்கு. சிமெண்டுச் சாய்தளத்திற்கான விண்ணப்பம் நாளைய தேவைக்கு. இரண்டையும் ஒருங்கே செய்வோம்.

அண்ணன் சொன்ன அளவுகளின்படி ஆறடிச் சாய்தளத்தை நாங்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து முடித்தோம். இவ்வாண்டுப் பொங்கல் விழாவையும் தரைத்தளத்து உணவுக்கூடத்தில் நடத்தினோம். அண்ணன் அரைமணி தாமதமாகத் தனியே வந்தார். யாரும் தூக்கவில்லை, யாரும் கைதட்டவுமில்லை. தலைவர் உரை நீண்டுகொண்டே போனபோது, ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல், சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு நடுவிலேயே போய்விட்டார்.

நாங்களும் அவ்வாறு போக எண்ணியவர்கள்தாம். ஆனால் எங்களுக்கு அவருடைய துணிவு இல்லை.