பழைய காரில் ஸ்டியரிங் இறுகினால்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

விதுரா வழியாகப் பொன்முடி மலைக்கு வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும்: கல்லாறு தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங்கை நன்றாக ஒடித்து, மறுகணமே நேராக்க வேண்டும். ஊருக்குள் ‘கொஞ்சம் டைட்’ என்று சமாளித்த பழைய கார், தன் நோயை இங்கேதான் காட்டும்.

நம்பிக்கை: பழைய வண்டி என்றால் ஸ்டியரிங் கனக்கத்தான் செய்யும்.

உண்மை: பவர் ஸ்டியரிங் இல்லாத மாருதி 800, அம்பாசடர் போன்றவை நிற்கும்போதுதான் கனக்கும், சக்கரம் உருண்டதும் இலகுவாகும். ஓடும்போதும் இறுகினாலோ, வளைவு முடிந்தும் தானாக நேராகாமல் நின்றாலோ அது வயது அல்ல, பழுது. முதலில் முன் டயர்களில் காற்றைப் பாருங்கள்.

நம்பிக்கை: ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும்.

உண்மை: சாதா ஸ்டியரிங்கில் ஆயில் ஊற்றும் டப்பாவே கிடையாது. ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்கில் உண்டு. அதில் ஆயில் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகலை அடைக்காமல் ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதுதான். முழுதாகத் திருப்பும்போது கிறீச்சிட்டால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நம்பிக்கை: இறுகினால் ஸ்டியரிங் ரேக் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும்.

உண்மை: இங்கேதான் பணம் வீணாகிறது. முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தித் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் இறுக்கம் இருந்தால் இரு டை ராட் எண்டுகளையும் கழற்ற வேண்டும். ஸ்டியரிங் லேசாகிவிட்டால் ரேக் குற்றவாளி அல்ல. எந்தச் சக்கரம் கையால் திருப்பினாலும் முரண்டு பிடிக்கிறதோ, அந்தப் பக்கத்து பால் ஜாயின்ட்டையோ ஸ்ட்ரட்டின் மேல் பேரிங்கையோ பாருங்கள். கழற்றிய பிறகும் ஸ்டியரிங் இறுகினால் பழுது ரேக்கிலோ, மேலே ஸ்டியரிங் தண்டிலோ இருக்கிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை இறுகி இளகினால், தண்டின் அடியிலுள்ள யுனிவர்சல் ஜாயின்ட் துருவேறியிருக்கலாம்.

மேல் பேரிங் சிக்கினால் ஸ்பிரிங் முறுக்கேறி, ‘டங்’ என்று விடுபடும். வண்டியைத் தரையில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஸ்ட்ரட்டின் மேல்முனையில் உள்ளங்கையை வையுங்கள். இன்னொருவர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்தத் துள்ளல் கையிலேயே தெரியும்.

நம்பிக்கை: அடியில் டீசல் அடித்தால் இளகிவிடும்.

உண்மை: டீசல் பட்டால் ரப்பர் உறைகள் ஊதிக் கெட்டுப்போகும். கிழிந்த உறை வழியாக மழைநீரும் சேறும் உள்ளே போய், நல்ல ஜாயின்ட்டையும் ரேக்கையும் அரிக்கும். இரண்டு பருவமழையும் கொட்டும் இந்த மலையடிவாரத்தில் உறையைக் காப்பாற்றினாலே பாதிப் பழுது வராது.

நம்பிக்கை: இறக்கத்தில் இன்ஜினை அணைத்தால் பெட்ரோல் மிச்சம்.

உண்மை: அணைத்த நொடியில் பவர் ஸ்டியரிங்கின் துணை போய்விடும், பிரேக் பூஸ்டரின் பலமும் ஓரிரு மிதியில் தீர்ந்துவிடும். சாவியை உருவினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். தாழ்ந்த கியரில், இன்ஜின் ஓடும்படியே இறங்குங்கள்.

ஸ்டியரிங் ஒரே ஒரு முறை சிக்கியிருந்தாலும் அந்த வண்டியை மலைக்கு எடுக்காதீர்கள். எங்கே பிடிக்கிறது என்று கண்டுபிடித்த பிறகு பாகத்தை மாற்றுங்கள்; அதுவரை பொன்முடி காத்திருக்கும்.